டெலோஸ் தீவுக்கு வழிகாட்டியுடன் போவது வீண் செலவா?

கிரீஸ் நாட்டின் மிக்கோனோஸ் தீவில் மூன்று நாள் தங்கப் போவதாகவும், அங்கிருந்து டெலோஸ் தீவுக்குப் படகுச் சீட்டு மட்டும் வாங்குவதைவிட வழிகாட்டியுடன் போகும் பயணத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கிறார்கள் என்றும், கைபேசியில் எல்லாம் கிடைக்கிற காலத்தில் அது வீண் செலவுதானே என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2018 செப்டம்பரில் இதே கேள்வியை நான் என் மகளிடம் கேட்டேன். கேட்டதோடு நில்லாமல் பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன். அதன் விளைவாக ஒரே வாரத்தில் அந்தத் தீவுக்கு இரண்டு முறை போக நேர்ந்தது. முதல் முறை வழிகாட்டி இல்லாமல், இரண்டாம் முறை வழிகாட்டியுடன். இரண்டு விதத்திலும் போய்ப் பார்த்தவன் என்ற உரிமையில் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் செய்த காரியத்தின் காரணம் புரியாது. முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம், விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வெளியூர்க்காரர்களிடம் அடித்துச் சொல்லும் வழிகாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிழல் அவர்கள் காலடியில் கிடக்கும். எல்லா வழிகாட்டிகளும் அப்படியல்லர் என்பது எனக்கும் தெரியும், யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் காசு கொடுத்து இன்னொருவர் வாயால் வரலாறு கேட்க வேண்டிய நிலை எனக்கு வராது என்ற எண்ணம் அங்கேதான் ஊறியது.

அந்த முறை எங்களுக்குக் காற்றும் சதி செய்தது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள், என் பேச்சைப் பொருட்படுத்தாமல் மூவருக்கும் வழிகாட்டிப் பயணம் பதிவு செய்துதான் வைத்திருந்தாள். கோடையில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து வீசும் மெல்தெமி என்ற காற்று அன்று காலை பலமாக அடிக்கவே, படகுகள் அனைத்தும் ரத்தாகிவிட்டன. மறுநாள் வழிகாட்டிப் பயணத்தில் இடம் இல்லை, சாதாரணப் படகில் மட்டும் இருந்தது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பழைய துறைமுகத்திலிருந்து அரை மணி நேரம் படகில் போனால் டெலோஸ். சுமார் மூன்றரைச் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, மரமே அரிதான பாறைத் தீவு அது. காவலர்களும் தொல்லியலாளர்களும் தவிர அங்கே யாரும் குடியிருக்கவில்லை; பயணிகள் இரவு தங்க அனுமதி கிடையாது. அப்போலோ, ஆர்டெமிஸ் என்ற இரட்டைத் தெய்வங்கள் அங்கே பிறந்ததாகக் கிரேக்கர் நம்பினார்கள். பாரசீகருக்கு எதிராக ஏதென்ஸ் தலைமையில் கிரேக்க நகரங்கள் அமைத்த கூட்டணியின் கருவூலம், கி.மு. 454-இல் ஏதென்ஸுக்கு எடுத்துச் செல்லப்படும்வரை அங்கேதான் இருந்தது. கி.மு. 166-ஐ ஒட்டி ரோம் அதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக்கிய பிறகு, மத்தியதரைக் கடலின் வணிகர்கள் எல்லாரும் அங்கே வந்து குவிந்தார்கள். இவை எல்லாம் எனக்கு முன்பே தெரிந்தவை. ஆகவே கையில் அச்சிட்ட வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு, மனைவியையும் மகளையும் பின்னால் வரச் சொல்லி, நானே முன்னால் நடந்தேன்.

நடந்து பத்து நிமிடத்தில் ஓர் உண்மை உறைத்தது. ஒரு நாட்டின் வரலாறு தெரிவது வேறு, முழங்கால் உயரச் சுவர் ஒன்றைப் பார்த்து அது கடையா, கோயிலா, வீடா என்று சொல்லத் தெரிவது வேறு. வரைபடத்தில் எண்கள் இருந்தன, தரையில் கற்கள் இருந்தன, ஆனால் எந்த எண் எந்தக் கல்லுக்கு உரியது என்பது மட்டும் தெரியவில்லை. கைபேசியைப் பார்க்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். உச்சி வெயிலில் அதன் திரையில் எனக்குத் தெரிந்தது என் முகம் மட்டும்தான். அதற்காக ஆசிரியர் ‘தெரியாது’ என்று சொல்லிவிடுவாரா? நக்சோஸ் தீவினர் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் காணிக்கையாக நிறுத்திய சிங்கங்களின் வரிசைக்கு முன்னால், இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டு வெயில் பட்ட பளிங்கைப் பார் என்று மனைவிக்குக் காட்டி இருபது நிமிடம் படம் எடுத்தேன். அந்தச் சிங்கங்கள் 1999-இலேயே அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டன, வெளியே நிற்பவை அச்சில் வார்த்த பிரதிகள். அருங்காட்சியகத்துக்கோ நேரம் இல்லை என்று நாங்கள் போகவே இல்லை.

அரங்கத்தின் அருகே தரைக்குக் கீழே நீளமான பள்ளம் ஒன்று இருக்கிறது. அதன் குறுக்கே கல் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன, அடியில் பச்சை நிறத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. “இது என்னங்க?” என்று மனைவி கேட்டாள். “அடிமைகளை அடைத்து வைத்த சிறையாக இருக்கும்” என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அதைச் சற்று நேரம் துயரத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் துயரத்துக்கு நான் பிறகு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கிடையில், ஆங்கிலம் பேசும் சிறு குழு ஒன்று எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர், கழுத்தில் அரசு உரிமத்தின் அட்டையோடு, தாழ்ந்த குரலில் விளக்கிக்கொண்டு வந்தார். நான் அந்தக் குழுவில் சேரவில்லை. அவர்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்க நேர்ந்தது, அவ்வளவுதான். ஓர் இடத்தில் செருப்பு வாரைச் சரி செய்தேன், இன்னோர் இடத்தில் தண்ணீர் குடித்தேன். திறந்தவெளியில் பேசும் பேச்சைக் காதில் வாங்குவது திருட்டா என்று நீங்கள் கேட்டால், அன்று காலை வரை நானும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

கிளியோபாட்ராவின் வீடு என்ற இடத்தில் தலையில்லாத இரண்டு சிலைகள் நிற்கின்றன, ஓர் ஆணும் ஒரு பெண்ணும். எகிப்து அரசி இங்கே வந்து தங்கியிருக்கிறாள் போலும் என்று நான் மகளிடம் சற்று உரக்கவே சொல்லிவிட்டேன். அந்த அம்மையார் பேச்சை நிறுத்தி, எங்களைப் பார்த்துப் புன்னகைத்து, “என் பட்டியலில் பதினான்கு பேர் இருக்கிறார்கள், இங்கே பதினேழு பேர் நிற்கிறார்கள்” என்றார். பிறகு, அதே புன்னகை மாறாமல், இவள் அந்தக் கிளியோபாட்ரா இல்லை என்றும், கணவன் டயோஸ்குரிடீசின் சிலையோடு தன் சிலையையும் வைத்த ஏதென்ஸ் நாட்டுப் பெண் என்றும், சிலைகள் கி.மு. 138-ஐச் சேர்ந்தவை என்றும் சொன்னார். எகிப்து அரசி பிறந்ததே கி.மு. 69-ஐ ஒட்டி. ஏறத்தாழ எழுபது ஆண்டு பிழை! இப்படிப் பிழை விட்ட மாணவனை நான் பெஞ்சின் மேல் ஏற்றியிருப்பேன். “அப்பா, வாங்க போகலாம்” என்று மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அன்று இரவு யாரிடமும் சொல்லாமல் நானே போய் மூவருக்கும் இரண்டு நாள் கழித்து வழிகாட்டிப் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டு வந்தேன். பிடிவாதம் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

இரண்டாம் முறை வந்த வழிகாட்டி ஓர் இளைஞர். படகுத்துறையை அடுத்த திடலில் எங்களை நிறுத்தி, டெலோசுக்கு ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகளை இறக்கி விற்று அனுப்பும் வல்லமை இருந்தது என்று பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருப்பதைச் சொன்னார். அவர்களை எந்த இடத்தில் நிறுத்தி விற்றார்கள் என்று குழுவில் ஒருவர் கேட்டார். இதோ இந்தக் கல்லின் மேல்தான் என்று சொல்லியிருந்தால் எல்லாரும் நம்பியிருப்போம், படமும் எடுத்திருப்போம். அவரோ, அது பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது, அடித்துச் சொல்ல முடியாது என்றார். நிழல் விழாத கோபுரக் கதைகளைக் கேட்டுப் புளித்துப்போன எனக்கு, கூலி வாங்கிக்கொண்டு ‘சொல்ல முடியாது’ என்று சொல்லும் வழிகாட்டியைப் பார்த்ததும் மனத்தில் இருந்த கசப்பு பெருமளவு போய்விட்டது.

கி.மு. 426-ஐ ஒட்டி ஏதென்ஸ் நாட்டார் தீவைத் தூய்மைப்படுத்துவதாகச் சொல்லி, அங்கிருந்த கல்லறைகள் அனைத்தையும் தோண்டி எடுத்து எதிரே உள்ள ரெனியா தீவில் புதைத்தார்கள். இனி டெலோஸில் யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று ஆணையும் இட்டார்கள். இதை நான் வகுப்பில் ஒரே வரியில் கடந்து போயிருக்கிறேன். செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற என் மனைவி ஒரே வரியில் கடந்து போகவில்லை. நிறைமாதக்காரிக்கு நடுராத்திரியில் இடுப்புவலி கண்டால் இந்தக் காற்றில் எப்படிப் படகு ஏற்றினார்கள் என்று மகள் வழியாகக் கேட்டாள். அந்த இளைஞர் பதில் சொல்லாமல், குறுகிய நீரிணைக்கு அப்பால் கையெட்டும் தூரத்தில் தெரிந்த ரெனியாவைக் காட்டினார். வயதானவர்களும் நோயாளிகளும் சாவதற்கென்றே அங்கே போக வேண்டியிருந்தது என்றார். அந்தப் புதைகுழியிலிருந்து எடுத்த மண்பாண்டங்கள் மிக்கோனோஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. டெலோசுக்குப் போகுமுன் அதைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

பிறகு அந்தப் ‘பள்ளத்துக்கு’ வந்தோம். சுமார் ஐயாயிரத்து ஐந்நூறு பேர் அமரும் அரங்கத்தின் படிகளில் விழும் மழை வழிந்தோடி வந்து சேரும் நீர்த்தொட்டி அது. அந்த வளைவுகள் மேற்கூரையைத் தாங்கியவை. ஆறு இல்லாத தீவில் நாடகம் பார்க்கும் இடமே மழை பிடிக்கும் இடமாகவும் இருந்திருக்கிறது. வீடுகளிலும் முற்றத்துக்கு அடியில் தொட்டி கட்டியிருந்தார்கள். மனைவி என் பக்கம் திரும்பி, “சிறை?” என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாளாக அந்த அடிமைகளுக்காக வருந்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

இத்தனை சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. பயணத்தை நடத்திய நிறுவனம், விளம்பரத்தில் ஆங்கிலத்தில் விளக்கப்படும் என்று போட்டுவிட்டு, ஒரே குழுவில் ஆங்கிலக்காரர்களையும் பிரெஞ்சுக்காரர்களையும் சேர்த்துவிட்டிருந்தது. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் ஆங்கிலம், ஐந்து நிமிடம் பிரெஞ்சு. இரண்டு மணி நேரப் பயணத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரப் பயணத்தைக் கொடுத்தார்கள், மீதி ஒரு மணி நேரம் வெயில் கொடுத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. 1870-களிலிருந்து அந்தத் தீவைத் தோண்டி வெளிக்கொணர்ந்து வருபவர்களே ஏதென்ஸில் உள்ள பிரெஞ்சுத் தொல்லியல் பள்ளியினர்தாம். ஆனாலும் நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சலுக்கு இன்று வரை பதில் இல்லை. நீங்கள் பதிவு செய்யும்போது, குழு ஒரே மொழியில் நடக்குமா என்பதையும், தீவின் நுழைவுக் கட்டணம் சொன்ன தொகைக்குள் அடங்குமா என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு நுழைவுக் கட்டணம் தனியாக ஆயிற்று.

வழிகாட்டி விடைபெற்றதும் முதல் படகிலேயே திரும்பிவிடாதீர்கள். பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போகிறீர்கள் என்று நினைக்கிறேன்; அவர்களை அருங்காட்சியகத்தின் நிழலில் அமர்த்திவிட்டு நீங்கள் கிந்தோஸ் குன்றில் ஏறலாம். நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்தான் உயரம், ஆனால் படிகள் கரடுமுரடானவை, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது. நானும் மகளும் மட்டும் ஏறினோம். மேலே நின்று பார்த்தால் சுற்றிலும் தீவுகள் வளையம் கட்டி நிற்கின்றன. டெலோஸைச் சுற்றி வட்டமாக இருப்பதால்தான் அவற்றுக்குச் சைக்ளாடீஸ் என்று பெயர். கீழே, அப்போலோவின் தாய் லெட்டோ பிள்ளை பெற்றதாகச் சொல்லப்படும் புனித ஏரி இருந்த இடம் தெரிந்தது. கொசுவும் மலேரியாவும் காரணமாக 1920-களில் அதை வற்றச் செய்துவிட்டார்கள், இப்போது நடுவில் ஒரு பனை இனத்து மரம் மட்டும் நிற்கிறது. முதல் நாள் அதே இடத்தைக் காலி மைதானம் என்று நினைத்து நடந்து கடந்திருந்தேன். அந்த உச்சியில் வழிகாட்டி இல்லாமல் கழித்த முக்கால் மணி நேரம்தான் இரண்டு பயணத்திலும் எனக்குப் பிடித்த நேரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அங்கிருந்து பார்ப்பதற்கு ஏதாவது இருந்தது.

தண்ணீர், தாடையில் கட்டிக்கொள்ளும் நாடா வைத்த தொப்பி, மூடிய காலணி ஆகிய மூன்றையும் மறக்காதீர்கள். மூன்று நாள் தங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். டெலோஸைக் கடைசி நாளுக்கு வைக்காமல் முதல் நாளுக்கே பதிவு செய்யுங்கள். காற்று அடித்துப் படகு ரத்தானால் கையில் இன்னும் இரண்டு நாள் இருக்கும்.