கூச்சுகாய், கசகசாப் பால், காளான் பிஸ்கட்: லித்துவேனியக் கிறிஸ்துமஸ் பலகாரம் பற்றிக் கேள்வி பதில்

வாழ்க்கைப்பட்டு லித்துவேனியாவின் கௌனஸ் நகருக்கு வந்தவள் நான். இங்கே கிறிஸ்துமஸ் பலகாரம் சுட என் மாமியார்தான் கற்றுக்கொடுத்தார். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

அக்கா, கூச்சுகாய் என்றால் என்ன? செய்முறையும் வேண்டும்.

டிசம்பர் 24 இரவு விருந்துக்குக் கூச்சோஸ் என்று பெயர். மேஜையில் 12 பதார்த்தங்கள் இருக்கும். இயேசுவின் 12 சீடர்களுக்காக என்பார்கள். இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது, மீன் உண்டு. அன்றைக்கென்றே சுடுகிற குட்டி பிஸ்கட்தான் கூச்சுகாய். சில வட்டாரங்களில் ஷ்லிஜிகாய் என்பார்கள்.

மைதா அரை கிலோ, சர்க்கரை 80 கிராம், கசகசா 50 கிராம், உலர்ந்த ஈஸ்ட் 7 கிராம், எண்ணெய் 50 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர் 220 மில்லி. எல்லாம் சேர்த்துச் சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் தளர்வாகப் பிசைந்து, மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். மாவு பொங்கியதும் விரல் தடிமனுக்குக் கயிறுபோல உருட்டி, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, பேக்கிங் அவனில் 190 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் சுட்டால் போதும். எங்கள் வீட்டில் நறுக்குவது குழந்தைகளின் வேலை. துண்டுகள் ஒரே அளவாக வராது, வரவும் வேண்டாம்.

கசகசாப் பாலுக்கு நம் ஊர் வெள்ளைக் கசகசா சரிப்படுமா? வறுக்க வேண்டுமா?

சரிப்படும். இங்கே கிடைப்பது நீலம் கலந்த கருஞ்சாம்பல் நிறம். வெள்ளையில் அரைத்தால் பால் இன்னும் வெளுப்பாக வரும், பிஸ்கட்டில் மட்டும் கரும்புள்ளி தெரியாது. வறுக்கக் கூடாது. 200 கிராம் கசகசாவில் கொதிநீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, வடித்து, சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டு அரையுங்கள். மாமியார் இறைச்சி அரைக்கும் கை எந்திரத்தில் மூன்று முறை விடுவார், நான் மிக்ஸியில் போடுகிறேன். வெள்ளையாகப் பால் விட்டதும் ஒரு லிட்டர் ஆறிய தண்ணீர் கலந்து வடிகட்டி, தேன் சேர்த்தால் ஆயிற்று. கூச்சுகாயை அதில் மிதக்கவிட்டு, ஊறி மெத்தென்று ஆவதற்குள் சாப்பிட வேண்டும்.

வாங்கும்போதே கசகசாவை மோந்து பாருங்கள். அதில் எண்ணெய்ச் சத்து அதிகம், பழசானால் சிக்கு வாடை வரும். அந்தக் கசப்பைத் தேன் மறைக்காது.

துபாயில் இருக்கிறேன். ஊரிலிருந்து கசகசா கொண்டுவரலாமா?

வேண்டாம், ஒரு பொட்டலம்கூட. அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள், வழக்கு, சிறை என்று போய்விடும். சிங்கப்பூரிலும் தடைதான். கசகசா இல்லாமலே சுடுங்கள், பாலுக்குப் பதில் பாதாமை அரைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பேக்கிங் அவன் இல்லை. என்ன செய்வது?

அடிகனமான சட்டியில் உப்பைப் பரப்பி, பத்து நிமிடம் சூடாக்கி, ஒரு வளையம் வைத்து அதன் மேல் தட்டை வையுங்கள். மூடிச் சிறு தீயில் 20 நிமிடம் விட்டால் வெந்துவிடும், மேற்புறம் மட்டும் அவ்வளவாகச் சிவக்காது.

ஒரு வீடியோவில் பால், வெண்ணெய், முட்டை எல்லாம் போடுகிறார்கள். உங்கள் செய்முறை தவறு.

அதுதான் அக்கா, வில்னியஸ் கடையில் நான் வாங்கிய பொட்டலத்திலும் பால் என்று போட்டிருந்தது. சும்மா கட்டுப்பெட்டித்தனமாகப் பேசாதீர்கள்.

தேன் மட்டும் சேரலாமா? அதுவும் உயிரினத்திடமிருந்து வருவதுதானே?

மூவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கடைப் பொட்டலங்கள் சிலவற்றில் பால் இருப்பது உண்மை, அது ருசியாக இருப்பதும் உண்மை. 25ஆம் தேதி காலை முதல் பால், வெண்ணெய், முட்டை, கறி எல்லாம் மேஜைக்கு வரும், அப்போது தாராளமாகச் சேருங்கள். 24 இரவு மட்டும் விரதம். அது கத்தோலிக்க விரதம், இன்றைய வீகன் கணக்கு வேறு. அதனால் மீனுக்கும் தேனுக்கும் தடையில்லை.

கட்டுப்பெட்டித்தனம் என்ற சொல் எனக்கு வலித்தது, அதனால் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சோவியத் ஆட்சியில் கிறிஸ்துமஸுக்கு விடுமுறை கிடையாது. மாமியார் சிறுமியாக இருந்தபோது ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் கூச்சோஸ் மேஜை போடுவார்களாம், பள்ளியில் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புவார்களாம். அவருடைய அம்மாவை 1941 ஜூனில் சைபீரியாவுக்கு நாடுகடத்தினார்கள். அங்கே மாவும் இல்லை, கசகசாவும் இல்லை. ரேஷன் ரொட்டியைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, வெந்நீரில் போட்டு, இதுதான் கூச்சுகாய் என்று பிள்ளைகளுக்குக் கொடுத்தாராம். அந்த வீட்டு மேஜையில் நான் முட்டை சேர்க்க மாட்டேன். உங்கள் வீட்டில் நீங்கள் செய்வதை நான் தடுக்கவில்லை.

இப்படியும் பார்க்கலாமே: பால் சேர்த்தால்தான் குழந்தைகள் சாப்பிடுவார்கள்.

எங்கள் குழந்தைகள் பால் இல்லாமல்தான் சாப்பிடுகிறார்கள். இந்த விவாதத்தை இதோடு விடுகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

காளான் வடிவ பிஸ்கட் எப்படி?

க்ரீபுகாய். தேன், பட்டை, கிராம்பு, ஏலம், இஞ்சித்தூள் சேர்த்த மாவு. இதில் முட்டையும் வெண்ணெயும் உண்டு, எனவே 24 இரவு மேஜைக்கு ஆகாது. காம்பையும் குடையையும் தனித்தனியே சுட்டு, குடையின் அடியில் கத்திமுனையால் சின்னக் குழி தோண்டி, சர்க்கரைப் பாகால் காம்பை ஒட்ட வேண்டும். குடைக்குச் சாக்லேட் பூச்சு, காம்புக்கும் குடையின் அடிப்பக்கத்துக்கும் வெள்ளைப் பூச்சு. காம்பின் நுனியைக் கசகசாவில் தொட்டு எடுத்தால் காட்டு மண் ஒட்டியதுபோலவே இருக்கும். இலையுதிர் காலத்தில் குடும்பத்தோடு காட்டுக்குப் போய்க் காளான் பறிக்கும் மக்கள் இவர்கள். அதனால் எந்தக் காளான் என்று பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டும் என்பார் மாமியார். நான் முதலில் செய்தவற்றைப் பார்த்து, இது விஷக்காளான் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பூச்சு காய ஒரு நாள் விடுங்கள். கசகசாவை இதற்கும் மோந்து பார்த்தே எடுங்கள்.

அவன் இல்லாமல் முடியுமா அக்கா?

மேலே சொல்லியிருக்கிறேன்.

ஷகோதிஸ் வீட்டில் செய்யலாமா?

முடியாது. நெருப்புக்கு முன் சுழலும் கம்பியில் மாவை ஊற்றி ஊற்றிச் சுடும் கேக் அது. வாங்கிக்கொள்ளுங்கள்.

குக்கரில் வைக்கலாமா? அவன் இல்லை.

உப்புச் சட்டி முறையேதான், தம்பி. குக்கரானால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடுங்கள்.

லாட்வியாவின் பன்றிக்கறி பன் பற்றிச் சொல்லுங்கள்.

அது பக்கத்து நாட்டுப் பலகாரம், அந்த ஊர்க்காரர்களிடம் கேளுங்கள்.

கூச்சுகாயை எத்தனை நாள் முன்னே சுட்டு வைக்கலாம்?

ஒரு வாரம். நன்றாக ஆறிய பிறகு துணிப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். கசகசாப் பாலை மட்டும் அன்றன்றே அரையுங்கள், மறுநாள் புளித்துவிடும்.