குவில்ட் குழுவில் ஆளுக்கொன்றாகத் தைத்த பிளாக்குகள் ஏன் ஒரே அளவில் வருவதில்லை?

குவில்ட் என்பது துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் விரிப்பு; அதற்காகச் சிறு துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் ஒவ்வொரு சதுரமும் ஒரு பிளாக். எல்லோருக்கும் பக்கத்துக்கு 12½ அங்குலம் என்றே சொல்லியிருந்தும் ஒன்று 12⅛, இன்னொன்று 12¾ என்று வருகிறதா? பெரும்பாலும் காரணம் தையலுக்குப் பிடிக்கும் துணிதான். அது ¼ அங்குலம் இருக்க வேண்டும். உதாரணமாக, பிளாக்கில் வரிசைக்கு 3½ அங்குலச் சதுரம் நான்கு, நடுவில் மூன்று தையல். ஒவ்வொரு தையலிலும் 1/16 அங்குலம் கூடுதலாகப் பிடித்தால், இரு பக்கத் துணியும் சேர்ந்து ⅛ போகும். மூன்று தையலில் ⅜ காலி. 12½ அங்கேயே 12⅛ ஆகிவிடும்.

ஆகவே பிளாக்கைத் தொடங்கும் முன் குழுவில் எல்லோரும் அவரவர் மெஷினிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். 1½ அங்குல அகலப் பட்டைகள் மூன்றைப் பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் ஊசியைத் தையல் நூலின் தடிமனளவு வலப்பக்கம் நகர்த்துங்கள். துணி மடியும் இடமும் கொஞ்சம் அகலத்தைத் தின்னும் என்பதால், ¼-க்கு அந்த நூலின் தடிமனளவு குறைவாகப் பிடிப்பதே சரி.

அளவு கூடி வந்தால் இஸ்திரியையும் கவனியுங்கள். பெட்டியை இழுத்துத் தேய்த்தால் மூலைவாட்டில் வெட்டிய துணி நீண்டுவிடும். வைத்து அழுத்தி எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே வந்து சேர்ந்தவற்றைச் சிறியதன் அளவுக்கு வெட்டிவிடாதீர்கள், பிளாக்கில் முக்கோணங்கள் இருந்தால் அவற்றின் கூர்முனைகள் போய்விடும். எல்லாவற்றுக்கும் சுற்றிலும் 1½ அங்குலப் பட்டை தைத்து, பிறகு 13½ அங்குலத்துக்கு ஒரே சீராக வெட்டுங்கள்.