டீச்சரைக் கேளுங்கள்: உப்புக்கரைசலில் சர்க்கரை எதற்கு?

மும்பைத் தமிழ் வாசகர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை பதிலளிக்கிறார்.

கேள்வி (வாசகி, மாட்டுங்கா): பச்சை பீட்ரூட்டை நறுக்கி அலசினால் இரண்டு அலசலில் தண்ணீர் தெளிந்துவிடுகிறது. அதே துண்டுகளை வேகவைத்தால் தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆகிவிடுகிறதே, ஏன் டீச்சர்?

பதில்: முதல் அலசலில் வந்தது கத்தி பட்டு அறுந்த செல்களின் சாயம். அறுபடாத செல்கள் தங்கள் சாயத்தை விட்டுக்கொடுப்பதில்லை. அந்தச் சிவப்பு, செல்லுக்குள் இருக்கும் ஒரு நீர்ப்பையில் அடைபட்டிருக்கிறது. வெளியே வர வேண்டுமானால் பையின் சவ்வு, செல்லின் சவ்வு என்று இரண்டைத் தாண்ட வேண்டும். சவ்வின் கனம் சுமார் 7 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டருக்குள் ஒரு லட்சம் சவ்வுகளை அடுக்கிவிடலாம். இரண்டு வரிசைக் கொழுப்பு மூலக்கூறுகள். நீரை விரும்பும் தலைகள் இருபுறமும், நீரை வெறுக்கும் வால்கள் நடுவிலும். இந்த எண்ணெய் நடுப்பகுதிக்குள் நீரில் கரைந்த சாயம் நுழையவே முடியாது. கொதிநீர் வரிசையைக் கலைத்து, இடையிடையே பதிந்திருக்கும் புரதங்களையும் சிதைத்துவிடுகிறது. கதவே போன பிறகு சாயம் ஏன் உள்ளே உட்கார்ந்திருக்கப்போகிறது?

ஒரு துண்டை இரவு முழுக்க ஃப்ரீஸரில் வைத்து, மறுநாள் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடுப்பைப் பற்றவைக்காமலே தண்ணீர் சிவக்கும். பனிப்படிகங்கள் சவ்வைக் கிழித்திருக்கும். பாடநூல்களோ இத்தனை வேலை பார்க்கும் சவ்வை ஒற்றைக் கோடாக வரைந்துவிட்டு, உள்ளே இருப்பவற்றுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குகின்றன. எனக்கு அதில் தீராத மனக்குறை.

கேள்வி (வாசகர், தாராவி): மழைக்காலத்தில் என் மகனுக்கு வயிற்றுப்போக்கு. மருந்துக்கடையில் ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கலவை) பொட்டலம் கொடுத்தார்கள். சர்க்கரை வயிற்றைக் கெடுக்கும் என்று என் அம்மா வெறும் உப்புத் தண்ணீரைத்தான் கொடுக்கிறார். சர்க்கரை ருசிக்காகத்தானே?

பதில்: ருசிக்காக இல்லை, தம்பி. அதை எடுத்துவிட்டால் மருந்தில் பாதி போய்விடும்.

உடலுக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் குடலில் தண்ணீரை நேரடியாக உள்ளே இழுக்கும் ஏற்பாடு கிடையாது. உப்பு எங்கே போகிறதோ, தண்ணீர் அதன் பின்னால் போகும். உப்பிலுள்ள சோடியமோ மின்னேற்றம் கொண்டது. மேலே சொன்ன எண்ணெய் நடுப்பகுதியைத் தானாகக் கடக்க அதனால் ஆகாது. பொட்டலத்திலுள்ள சர்க்கரையான குளுக்கோஸுக்கும் அதே கதி. ஆகவே சிறுகுடல் செல்லின் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அது உள்ளே விடும். நவராத்திரி சமயத்தில் நம் ஊர் கர்பா மைதானங்களில் ஜோடியாக வந்தால்தான் அனுமதி என்பார்களே, அந்தக் கதைதான். என்ன, இங்கே ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியம்!

உள்ளே வந்த சோடியம் அங்கேயே தேங்கினால் வரவு நின்றுவிடும். அதனால் செல்லின் மறுபக்கச் சவ்வில் ஒரு பம்பு ஓயாமல் ஓடுகிறது. மூன்று சோடியத்தை ரத்தத்தின் பக்கம் தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுத்துக்கொள்ளும். டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ இதை 1957இல் நண்டின் கால் நரம்பில் கண்டுபிடித்தார். நோபல் பரிசு வர 1997 ஆயிற்று. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே நுழைகின்றன என்பதை ராபர்ட் கிரேன் 1960இல் பிராகில் நடந்த கூட்டத்தில் எடுத்துச் சொன்னார்.

காலராவில்தான் இதன் அருமை தெரியும். அந்தக் கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது என்று 1959இல் நிரூபித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் தே. அந்த நச்சு குளோரைடு வெளியேறும் வழியைத் திறந்தபடியே வைத்துவிடும். உப்பும் தண்ணீரும் குடலுக்குள் கொட்டும். சோடியம் மட்டும் உள்ளே போகும் முக்கிய வழியும் அடைபடும். ஆனால் ஜோடி வாசலை அந்த நச்சு தொடுவதில்லை. வெறும் உப்புத் தண்ணீர் ஏன் போதாது என்று இப்போது அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

1971இல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து குடிக்கக் கொடுக்கச் செய்தார். ஊட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினர்களே. 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் காலமானார். பத்ம விபூஷண் அறிவித்தது 2023இல். உயிரோடு இருந்தபோதே கொடுத்திருக்கக் கூடாதா?

உங்கள் அம்மா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. சர்க்கரை அளவு மீறினால் குடலிலேயே தங்கி, உடலிலிருந்து தண்ணீரை எதிர்ப்பக்கம் இழுக்கும், போக்கு கூடும். அதனால்தான் குளிர்பானமும் டப்பா ஜூஸும் கூடாது. இப்போதைய உலக சுகாதார நிறுவனக் கலவையில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு. முழுப் பொட்டலத்தையும் ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்காதீர்கள். பாதி பாதியாகப் பிரிக்கவும் வேண்டாம். சிறிய பொட்டலமானால் 200 மில்லிக்கானதா என்று உறையில் பாருங்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். பையன் துவண்டு கிடந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ சயான் ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அடுத்த கேள்வி அனுப்புவதெல்லாம் அப்புறம்.

கேள்வி (வாசகி, செம்பூர்): என் கணவருக்குப் புதிதாகக் கொடுத்த சர்க்கரை மாத்திரை, சிறுநீரில் சர்க்கரையைப் போகவைக்குமாம். அது நல்லதா?

பதில்: மாத்திரையின் பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடிகிறதா பாருங்கள். சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, கிட்டத்தட்ட முழுவதையும் ரத்தத்துக்கே திருப்பிவிடுகிறது. அதைச் செய்வது, குடலில் சொன்ன ஜோடிப் புரதத்தின் கூடப்பிறந்தது. மாத்திரை அதை மறிப்பதால்தான் சர்க்கரை வெளியேறுகிறது, பயப்பட வேண்டாம். ஆனால் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தாலும், நெடுநேரம் பட்டினி விரதம் இருப்பதானாலும், மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று டாக்டருக்கு போன் செய்து கேட்டுவிடுங்கள்.