மாமன்றத்தில் என்ன முடிவாகிறது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மாநகராட்சி ஒன்றின் மன்றப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். கூட்டத்துக்கு அஜெண்டா தயாரிப்பது, தீர்மானப் புத்தகம் எழுதுவது, உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பிரிவு பிரிவாகப் போய்ப் பதில் வாங்கி வருவது என்று அங்கேயே காலம் போனது. மாநகராட்சிக் கவுன்சிலர்கள் கூடி முடிவெடுக்கும் மாமன்றம் பற்றி எதுவும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

கல்லூரி மாணவி ஒருவர்: ஐயா, மேயருக்கு அதிகாரம் அதிகமா, ஆணையருக்கா?

மேயர் மாமன்றத்தின் தலைவர். ஆணையர் மாநில அரசு நியமிக்கும் அதிகாரி. என்ன செய்ய வேண்டும், அதற்கு எவ்வளவு பணம் என்பதை மாமன்றம் தீர்மானிக்கும், அதை நிறைவேற்றுவது ஆணையர் பொறுப்பு. சட்டத்தில் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான கோப்புகள் அதிகாரிகளின் மேசையில்தான் பிறக்கின்றன. மாமன்றத்துக்கு வரும்போது அவை பாதி முடிவாகியே வருகின்றன. இதை மீறிக் கேள்வி கேட்க, கோப்பைப் படித்துவிட்டு வரும் உறுப்பினர்கள் வேண்டும்.

மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சென்னையில் 1996இல் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள், 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள், 2011இல் மறுபடி நேரடி, 2022இல் மறுபடி கவுன்சிலர்கள். என்னைக் கேட்டால், எந்த முறை என்பதைவிட அதை அடிக்கடி மாற்றுவதுதான் மாமன்றத்தை அதிகம் பலவீனப்படுத்துகிறது.

குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்: எதைக் கேட்டாலும் “அது எங்கள் கையில் இல்லை” என்கிறார் எங்கள் கவுன்சிலர். தட்டிக்கழிக்கிறாரா?

சில நேரம் தட்டிக்கழிப்பு, பல நேரம் உண்மை. அரசியலமைப்பின் 74வது திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தபோது, 12வது அட்டவணையில் நகர அமைப்புகளுக்கு உரியவை என்று 18 பொருள்களைப் பட்டியல் போட்டது. நகரத் திட்டமிடல், சாலை, குடிநீர், குப்பை, தீயணைப்பு, தெருவிளக்கு, சுடுகாடு, பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் அதில் உண்டு. எதை எவ்வளவு தூரம் ஒப்படைப்பது என்பதை மட்டும் மாநிலங்களிடம் விட்டுவிட்டது. சிக்கல் அங்கேதான்.

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீரும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த குடிநீர் வாரியத்திடம் இருக்கின்றன. பெரிய கட்டடங்களுக்கான அனுமதி சி.எம்.டி.ஏ. எனும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். தீயணைப்பு மாநில அரசின் தனித் துறை. முக்கியச் சாலைகள் பல நெடுஞ்சாலைத் துறையுடையவை. தெருவிளக்கு மாநகராட்சியுடையது, ஆனால் அது மாட்டியிருக்கும் கம்பம் பல இடங்களில் மின்வாரியத்துடையது. ஒரே தெருவில் நான்கு முதலாளிகள். சாலை போட்ட மறுவாரமே வேறொரு துறை வந்து தோண்டுவதற்குக் காரணம் இதுதான்.

அதனால் புகார் எழுதும் முன், சாலை யாருடையது என்று வார்டு உதவிப் பொறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாநகராட்சிச் சாலை என்று அவர் சொன்ன பிறகும் கவுன்சிலர் கையை விரித்தால், அப்போது கேளுங்கள் கேள்வி.

வீட்டு உரிமையாளர் ஒருவர்: 2022இல் சொத்து வரியை ஏற்றியது மாமன்றமா, அரசா?

முடிவெடுத்தது அரசு, தீர்மானம் போட்டது மாமன்றம். சென்னையில் 1998க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008க்குப் பிறகும் பொதுச் சீராய்வு, அதாவது எல்லாச் சொத்துகளுக்கும் வரியை மாற்றி அமைப்பது, நடைமுறையாகாமல் கிடந்தது. மத்திய மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதங்களை அறிவிக்க வேண்டும் என்று 15வது நிதிக்குழு நிபந்தனை வைத்தது. அதன் பிறகு அரசு உத்தரவு வந்தது. சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்குள் உள்ள வீடுகளுக்கு 25 விழுக்காடு உயர்வு, 1,800 சதுர அடிக்கு மேல் 100 விழுக்காடு உயர்வு, இடையில் இரண்டு படிகள்.

மாமன்றங்களில் காரசாரமாகப் பேசினார்கள், வெளிநடப்பும் நடந்தது. ஆனால் மானியத்தை நிறுத்துவார்கள் என்ற நிலையில் எந்த மாமன்றத்தால் நிராகரிக்க முடியும்? வரி விதிக்கும் பழியை மட்டும் கவுன்சிலர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

தனியார் நிறுவன ஊழியர்: எண்பது, நூறு தீர்மானங்கள் அரை மணி நேரத்தில் நிறைவேறியதாகச் செய்தி வருகிறதே. இது என்ன கூத்து?

கோபப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் எதற்குக் கோபப்படுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு மன்றப் பொருள் எப்படி வருகிறது என்று பாருங்கள். பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கிறார். ஆணையரின் குறிப்போடு மண்டலக் குழுவுக்கோ நிலைக்குழுவுக்கோ போகிறது. அப்புறம் மேயர் ஒப்புதலோடு அஜெண்டாவில் ஏறுகிறது. புத்தகம் உறுப்பினர்கள் கைக்குக் கூட்டத்துக்கு முன்பே வந்துவிடும். அதில் பாதிக்கு மேல் சாதாரண விஷயங்கள்: ஒப்பந்த நீட்டிப்பு, கடை ஏலம், பணியாளர் சம்பந்தப்பட்டவை. ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் பேசினால் குப்பை அள்ள லாரி வராது.

நீங்கள் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு: “பின்னேற்பு”. மேயரின் முன்னனுமதி பெற்று வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது, மன்றம் இப்போது ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பொருள். மழை வெள்ளம் போன்ற அவசரத்துக்காக வைத்த வசதி அது. அஜெண்டாவில் பின்னேற்புப் பொருள்கள் கூடக் கூட, மாமன்றம் சுருங்குகிறது என்று அர்த்தம். நான் வேலை பார்த்த இடத்தில், திறப்பு விழா முடிந்த பூங்காவுக்கு மதிப்பீடு பின்னேற்புக்கு வந்தது. ஒரே ஒரு உறுப்பினர், முதல் முறை வென்று வந்தவர், எழுந்து “எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள்” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் பதிவு செய்தேன். பிறகு தணிக்கையில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினார்கள்.

அதே நண்பர்: அந்தப் பதிவுகளை நாங்கள் பார்க்க முடியுமா?

முடியும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். “எல்லாத் தீர்மானங்களும்” என்று கேட்காதீர்கள், மாதத்தையும் பொருளையும் குறிப்பிடுங்கள்.

சுயஉதவிக் குழு உறுப்பினர்: எங்கள் வார்டில் கவுன்சிலர் ஒரு பெண். ஆனால் போனை எடுப்பது, ஆய்வுக்கு வருவது எல்லாம் அவர் கணவர்தான். யாரிடம் பேசுவது?

அவரிடமே பேசுங்கள் அம்மா. மனுவை அவர் பெயருக்கு எழுதுங்கள், அவர் கையில் கொடுங்கள், அவர் கையெழுத்தில் ஒப்புகை கேளுங்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. மன்றத்துக்குள் கணவர் உட்கார முடியாது, வாக்களிக்க முடியாது, ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. நாம் கணவரைத் தேடிப் போகும் ஒவ்வொரு முறையும் அவருக்கு இல்லாத பதவியை நாமே கொடுக்கிறோம். முதல் வருடம் வாயே திறக்காத பெண் உறுப்பினர்கள், மூன்றாம் வருடம் குடிநீர்க் கணக்கை வரிக்கு வரி கேட்டுப் பொறியாளர்களைத் திணறடித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வார்டு மக்கள் நேராக அவர்களிடம் வந்து பேச ஆரம்பித்த பிறகுதான் அது நடந்தது.

ஓய்வு பெற்ற ஆசிரியர்: தேர்தலே நடக்காத ஆண்டுகளில் யார் முடிவெடுத்தார்கள்?

அதிகாரிகள், சார். சென்னையில் 1973இல் மாமன்றம் கலைக்கப்பட்டு 1996 வரை மன்றமே இல்லை. அதன் பிறகும், 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல். அந்தக் காலத்தில் அரசு நியமித்த தனி அலுவலரே மாமன்றம். பரிந்துரைப்பவரும் அவரே, ஒப்புதல் தருபவரும் அவரே. ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்லியும் இப்படி நடந்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இளைஞர் ஒருவர்: ஏரியா சபை என்கிறார்களே, போனால் பலன் உண்டா?

போங்கள் தம்பி. கிராம சபை போல வார்டுக்குள் பகுதி பகுதியாகக் கூடுவது அது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று தமிழ்நாட்டு நகரங்களில் முதல் முறையாக நடந்தது. பத்துப் பேர் சேர்ந்து போங்கள், ஒரே கோரிக்கையைச் சொல்லுங்கள், அது எழுதப்படும் வரை நகராதீர்கள்.

மீண்டும் அந்த ஆசிரியர்: மாமன்றத் தீர்மானம் ஒன்று நாட்டையே மாற்றியதுண்டா?

உண்டு. 1920இல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தர மன்றம் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. பிறகு மற்றச் சில பள்ளிகளுக்கும் விரிந்தது. கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்ய அரசு சம்மதிக்காததால் 1925இல் நின்றும் போனது. பிற்காலத்து மதிய உணவுத் திட்டங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் இன்றும் அந்தத் தீர்மானத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

கடைக்காரர் ஒருவர்: மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டேன். எப்படி எழுதினால் கவனிப்பார்கள்?

ஒரு மனுவில் ஒரு விஷயம். வார்டு எண், தெருப் பெயர், எத்தனை நாளாக என்பது முதல் மூன்று வரிக்குள் வர வேண்டும். நேரில் கொடுத்தால் பதிவு எண் வாங்காமல் திரும்பாதீர்கள். பதினைந்து நாள் கழித்து அந்த எண்ணை உங்கள் கவுன்சிலருக்குக் கொடுத்து, அடுத்த கூட்டத்தில் கேள்வியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கேள்வியாக வந்துவிட்டால் அதிகாரி எழுத்தில் பதில் தயாரித்தாக வேண்டும், தேங்கிய கோப்பை அப்போது யாராவது தேடி எடுப்பார்கள்.