பதிப்புரிமை: 60 ஆண்டு அதிகம்தான்

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். தாத்தா காலத்தில் எங்களிடம் அச்சான ஒரு நூலை மறுபதிப்புச் செய்ய ஆசை. எழுதியவர் 1975இல் காலமானார். வாரிசுகள் யாரென்று தெரியவில்லை. காத்திருக்கத்தான் வேண்டுமா? பக்கங்களைப் படமெடுக்கவும் தொழிலுக்கும் ஆகும் என்று, எல்லாரும் வைத்திருக்கும் அந்த விலையுயர்ந்த போனை வாங்கச் சொல்கிறான் மகன். வாங்கலாமா?

மு., காரைக்குடி

அன்புள்ள மு.,

எழுதியவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் என்பது சட்டம். உங்கள் நூல் 2036 ஜனவரியில்தான் யாரும் அச்சிடக்கூடிய பொதுச் சொத்தாகும். முன்பு இது 50 ஆண்டாக இருந்தது. 1991 முடிவில் தாகூர் எழுத்துகளின் உரிமை முடியவிருந்தது. அதையொட்டித்தான் பத்து ஆண்டு கூட்டினார்கள். கூடவே எல்லார் புத்தகமும் பூட்டுக்குள் போயிற்று.

எனக்கு இதில் கோபமே உண்டு. மனைவி மக்களுக்கு வருமானம் வேண்டும், சரி. ஆனால் அத்தனை காலம் விற்கிற புத்தகம் எத்தனை? மற்றதெல்லாம் செட்டிநாட்டு வீடுகளின் மரப்பெட்டிகளில் கரையானுக்குப் போகிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா தேடித்தேடிச் சேர்த்தவை மட்டும் இன்று சென்னையில் அவர் பெயரிலான நூலகத்தில் இருக்கின்றன. ஊருக்கு ஒரு முத்தையாவுக்கு எங்கே போவது?

பாரதி 1921இல் மறைந்தார். அவர் பாடல்களின் உரிமையை வைத்திருந்த உங்கள் ஊர்க்காரர் ஏவி.மெய்யப்பன், 1949இல் அரசு கேட்டதும் காசு வாங்காமல் கொடுத்தார். பிறகு அரசு பாரதியைப் பொதுவாக்கியது. சட்டக் கணக்குப்படி என்றால் 1971 வரை காத்திருக்க வேண்டும். பதிப்புரிமைக்கான சர்வதேச பெர்ன் ஒப்பந்தத்தில் இருப்பதால் நாம் 50க்குக் கீழே இறங்க முடியாது. கூட்டிய பத்தையாவது குறைக்கலாமே!

நீங்கள் சும்மா இருக்க வேண்டாம். எழுதியவர் நகரத்தார் என்றால், அவருடைய நகரக் கோயிலில் புள்ளிக் கணக்கு, அதாவது அந்தச் சமூகக் குடும்பங்களின் பதிவு, இருக்கும். வாரிசைத் தேட முதலில் அங்கே போங்கள். கிடைக்கவே இல்லையென்றால் பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஏ பிரிவில் உரிமம் கேட்க வழி உண்டு. அதற்கு முன் நாளிதழில் விளம்பரம் தர வேண்டும். ஒரு வக்கீலையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் போன். பழைய பைண்டிங் நடுவில் வளைந்து நிற்கும். எந்த போனில் எடுத்தாலும் வரிகள் வளைந்துதான் விழும். பக்கத்தைக் கண்ணாடியால் அழுத்தி, போனை ஸ்டாண்டில் நிறுத்தி, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். சாதாரண போனே போதும். தொழிலுக்கு வேண்டியது இரண்டு சிம், நாள் முழுக்க நிற்கும் பேட்டரி, ஊரிலேயே ரிப்பேர். மிச்சமாகும் பணம் அந்த நாளிதழ் விளம்பரத்துக்கு ஆகும்.