பலகாரத்துக்கு எண்சாத்திரம் பார்க்கலாமா?

கேள்வி: வீட்டிலேயே பலகாரம் சுட்டு விற்று வந்தேன். இப்போது முறையாகப் பதிந்து பெரிதாகச் செய்ய யோசனை. எண்சாத்திரக்காரர் 'சுவை' என்று வைத்து, கூட்டுத்தொகை சரியாக வர ஆங்கிலத்தில் இரண்டு ஏ, இரண்டு ஐ போடச் சொல்கிறார். கனடாவில் இருக்கும் மகன் 'கிரிஸ்பி ட்ரீம்ஸ்' என்கிறான். மாமியாருக்கு சாமி பெயர்தான் வேண்டுமாம். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் நான் ஹம்டன் லேன் அக்கா. என்ன பெயர் வைக்கலாம்?
- ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: சகோதரி, எண்சாத்திரத்தை நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் தெஹிவளையிலிருந்து ஒருவர் போன் எடுத்து "பேஸ்புக்கில எப்படித் தேடுறது அக்கா?" என்று கேட்கும்போதெல்லாம் நீங்கள் அடுப்பில் எண்ணெயை வைத்துக்கொண்டு ரெண்டு ஏ, ரெண்டு ஐ என்று எழுத்துக்கூட்ட வேண்டும். அவர் ஒன்றை விட்டுவிட்டுத்தான் தேடுவார், அங்கே வேறு யாருடையதோ முறுக்கு வந்து நிற்கும். அதோடு 'சுவை', 'ருசி' மாதிரி பண்டத்தின் குணத்தை மட்டும் சொல்லும் சொல்லை உங்களுக்கே உரிய வியாபாரக் குறியாகப் பதிவதும் கஷ்டம். 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் அப்படிப்பட்ட சொற்களை ஒருவருக்கே எழுதிக் கொடுப்பதில்லை.

மகனிடம் ஒன்று கேளுங்கள்: சீனி அரியதரம் உள்ளே வரைக்கும் மொறுமொறு என்றிருந்தால் அவர் வாயில் வைப்பாரா?

மாமியாரிடம் கவனமாகப் பேச வேண்டும். காலி வீதியில் ஒரு நடை நடந்து பாருங்கள், ஸ்ரீயில் தொடங்கும் பலகைகளில் எது எந்தக் கடை என்று ஞாபகம் வைக்க முடிகிறதா? தவிர, உங்கள் பெயர் பலகையில் இருக்கப் போவதில்லை, பக்கெட்டில் இருக்கப் போகிறது, தின்று முடித்தவுடன் பக்கெட் குப்பைக்குப் போகும். இதைச் சொன்னால் மாமியாரே வேண்டாம் என்பார்.

மிச்சம் இருப்பது நீங்கள் பெயர் என்றே நினைக்காமல் எழுதிய ஹம்டன் லேன். தெருப் பெயரில் என்ன இருக்கிறது என்று யோசிக்காதீர்கள். மலிபன் பிஸ்கட்டுக்குப் பெயர் வந்ததே புறக்கோட்டை மலிபன் வீதியால்தான், அங்கே தேநீர்க்கடை வைத்துத்தான் தொடங்கினார்கள். தொழிற்சாலை இரத்மலானைக்குப் போய் எத்தனையோ காலம், பெயர் அப்படியே இருக்கிறது. டில்மா என்பது அந்தத் தேயிலைக் கம்பனியைத் தொடங்கிய மெரில் ஜே. பெர்னாண்டோவின் மகன்மார் டில்ஹான், மாலிக் இருவரின் பெயர்களைச் சேர்த்தது, அதில் தேயிலைக்கு என்ன சம்பந்தம்? பண்டம் நன்றாக இருந்ததால் பெயருக்கு மணம் வந்தது. உங்களுக்கு அந்த வேலையில் பாதி முடிந்தே விட்டது, ஊர் ஏற்கெனவே அப்படித்தான் கூப்பிடுகிறது. 'ஹம்டன் லேன் பலகாரம்' என்றால் த்ரீவீல்காரருக்கும் புரியும், முகவரியும் அதிலேயே இருக்கிறது. சிங்களத்தில் எழுதினாலும் சத்தம் மாறாது, இது சின்ன விஷயமில்லை. சிங்கள எழுத்தில் ழகரம் கிடையாது, ஆசையாகத் தமிழ்ப்பெயர் வைத்துவிட்டுப் பிறகு பலகையில் 'ல' போட்டு எழுதிய கடைகளைப் பார்த்திருப்பீர்கள். நாளைக்கு லேனை விட்டு வீடு மாறினால்? மாறுங்கள், பெயரைக் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள்.

'யாழ்ப்பாணத்துப் பலகாரம்' என்று மட்டும் எவராவது ஐடியா தந்தால் வேண்டாம். மா இடிப்பது, சுடுவது எல்லாம் வெள்ளவத்தையில், கேட்டால் என்ன சொல்லப் போகிறீர்கள்?

இன்னொன்று. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டால் அந்தப் பெயர் நமக்கே சொந்தம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது தவறு. அந்தப் பதிவு, இந்தப் பெயரில் இன்னார் தொழில் செய்கிறார் என்பதற்கு மட்டும்தான். பெயரைக் காப்பது வியாபாரக் குறிப் பதிவு, அதற்குத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போக வேண்டும், கிடைத்தால் 10 வருடம், பிறகு புதுப்பிக்கலாம். தெருப் பெயர் கலந்திருப்பதால் குறியாக ஏற்பார்களா என்பதையும் அங்கேயே முதலில் கேளுங்கள். கம்பனியாகவே தொடங்குவதென்றால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அதே பெயர் இருக்கிறதா என்று தேடலாம். பேஸ்புக்கிலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஸ்டிக்கர் அச்சடிப்பதெல்லாம் அப்புறம்.