பதில்: முத்துலட்சுமி ரெட்டி சுவரொட்டியில் இடம் போதவில்லை

வணக்கம். முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்வில் பதினைந்து நிகழ்வுகளை எழுதியதும் சுவரொட்டியில் படத்துக்கு இடமில்லாமல் போனதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். நான்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: 1886இல் புதுக்கோட்டையில் பிறப்பு, 1912இல் மருத்துவப் பட்டம், 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. கடைசி நிகழ்வுக்கே பெரிய இடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அதற்கு வித்திட்டது என்பதால், கட்டிலில் கிடக்கும் தங்கையின் கையை அக்கா பற்றியிருப்பதை நடுவில் வரைந்தால், பார்ப்பவர் ஆண்டுகளைப் படிக்கும் முன்பே அவரைப் புரிந்துகொள்வார். தலைப்பின் கீழே சற்றுத் தாராளமாக இடைவெளி விடுங்கள். அவர் பெயரிலுள்ள மு, து, சு ஆகியவற்றின் கீழ்வளைவுகள் அடுத்த வரியில் இடிக்கும்.